காகிதம் வாங்கினால் கார் உண்டு

சிங்கப்பூரில் மூன்றாம் வகுப்பு ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவருக்கு அவரே அறியாத ஒரு பாக்கியம் உண்டு. காரோடு, வெற்று எடை 2,500 கிலோவுக்கு மிகாத டிராக்டரையும் அவர் ஓட்டலாம். சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நானும் அந்த உரிமத்தைப் பல வருடமாகப் பர்ஸில் வைத்திருக்கிறேன். சிராங்கூன் ரோட்டில் உழுவதற்குத்தான் ஒரு குழி நிலம் அகப்படவில்லை. இந்தத் தீவில் விவசாயத்துக்கென்று விட்டிருப்பதே நிலப்பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். அதுவும் லிம் சூ காங், கிராஞ்சி என்று வடமேற்கு மூலையில். அங்கே முட்டை உண்டு, மீன் உண்டு, கீரை உண்டு. சேறடிக்கும் வேலை கிடையாது.

இப்போது டிராக்டர் பேச்சு எதற்கென்றால், மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் என் மைத்துனன் ஒன்று வாங்கினான். நான் இங்கே கார் வாங்க அலைந்த அதே மாதத்தில். இரண்டு விலைப்பட்டியலும் ஒரே வாட்ஸ்அப்பில் மேலும் கீழுமாக வந்து உட்கார்ந்துகொண்டன. அன்று தொடங்கியது குடும்பத்தில் ஒரு பட்ஜெட் கூட்டத்தொடர்.

முதலில் அவன் கதை. இந்தியாவில் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது. 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர், தீபாவளிக்குள் வரி குறையும் என்றார். உடனே எங்கள் மாப்பிள்ளை முன்பணம் கட்டப் போன காலைத் திருப்பிக்கொண்டான். செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி மன்றம் கூடி, டிராக்டருக்கு 5 சதவீதம் என்றது. டயருக்கும் உதிரிப் பாகங்களுக்கும் 18இல் இருந்து 5. செப்டம்பர் 22 முதல் அமல். 45 குதிரைத்திறன் டிராக்டருக்குச் சுமார் 45,000 ரூபாய் குறையும் என்று மத்திய வேளாண் அமைச்சரே கணக்குச் சொன்னார். மாப்பிள்ளை காத்திருந்தான். சம்பா நடவு காத்திருக்கவில்லை. தண்ணீர் வந்து வயல் கூப்பிட்டபோது பக்கத்து ஊர் வண்டியை மணிக்கணக்கு வாடகைக்குப் பிடித்துச் சேறடித்தான். டெல்லியில் மிச்சமாகப் போகும் வரியில் ஒரு பகுதி இப்படி வரப்பிலேயே செலவாயிற்று.

கடைசியில் டீலர் தந்த பட்டியலில் வரி குறைந்துதான் இருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு இரண்டு வரி கீழே ‘ஹேண்ட்லிங் சார்ஜ் 12,000’ என்று புதிதாக ஒன்று முளைத்திருந்தது.

“ஹேண்ட்லிங்னா என்ன தம்பி?” என்று கேட்டிருக்கிறான்.

“யார்டுலேர்ந்து ஷோரூமுக்குக் கொண்டாற செலவு சார்.”

“ஏன், அதுக்குத்தான் நாலு சக்கரம் இருக்கே. தானா வராதா?”

அங்கே பிடித்த சண்டை நடவு முடியும் மட்டும் நடந்தது. இவன் எழுந்து வாசல் வரை போவான். டீலர் டீ சொல்லிக் கூப்பிடுவார். இவன் மன்னார்குடியில் இன்னொரு டீலர் இருக்கிறார் என்பான். அவர் ‘அவரும் நம்ம ஆளுதான்’ என்பார். பம்பரும் டாப் லிங்கும் சும்மா தருகிறேன், ஹேண்ட்லிங்கைத் தொடாதீர்கள் என்று ஒரு கட்டத்தில் சமாதானத் தூது வந்தது. அவன் சேறடிக்க மாட்டும் கேஜ் வீலையும் சேர்த்துக் கேட்டான். ஒவ்வொரு நாளும் போரின் நிலவரம் குரல் பதிவாக எனக்கு வரும். கேட்கக் கேட்கப் பொறாமையாக இருந்தது. என் பட்டியலில் சண்டை போட ஆளே இல்லை.

என் கதை இது. சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு முன் கார் வைத்துக்கொள்ளும் உரிமையை வாங்க வேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ் என்று பெயர். சிஓஇ என்றால்தான் லிட்டில் இந்தியாவின் தேக்கா பூக்கடைக்காரருக்கும் புரியும். 1990 மே மாதத்தில் வந்தது. ஆயுள் பத்து வருடம். என் பழைய காருக்கு அந்தப் பத்து வருடம் முடியவிருந்தது. காரைப் பார்த்த மெக்கானிக், இன்னும் பத்து வருடம் ஓடும் என்றார். காருக்கு ஒன்றும் இல்லை, காகிதம்தான் படுத்துவிட்டது. மூன்று மாதச் சராசரி ஏல விலையைக் கட்டி இன்னும் ஐந்து வருடமோ பத்து வருடமோ நீட்டிக்கலாம். ஐந்து வருடத்துக்குப் பாதி விலை, ஆனால் அதற்குப் பிறகு நீட்டிக்க முடியாது. அல்லது காரை ஒப்படைத்துவிட்டுப் புதிதாக வாங்கலாம். அல்லது பெருவிரைவு ரயிலில் போகலாம். மூன்றாவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்கும் தெரியும், அரசாங்கத்துக்கும் தெரியும். வீட்டில் இருக்கும் இரண்டு ஜோடி முழங்கால்கள்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

புதிய கார் என்று முடிவாயிற்று. அதன் விலைப்பட்டியலை மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டு ஃபோன் போட்டேன். அவன் வரிசையாகப் படித்தான்.

“அத்தான், முதல் வரி 25,000 வெள்ளி. இதுதானே கார்?”

“இதுதான் கார். கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து இங்கே வந்து இறங்கும்போது சுங்கத்துறை போடும் மதிப்பு.”

“நம்ம காசுல 17 லட்சம். பரவாயில்லையே. அப்புறம் எதுக்கு அத்தான் இவ்வளவு நீளமா பட்டியல்?”

“மேல படி.”

கலால் தீர்வை, மதிப்பில் 20 சதவீதம்: 5,000. காரையும் தீர்வையையும் சேர்த்து, அந்த 30,000த்தின் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி: 2,700. வரிக்கு வரியா என்று கேட்டான். ஆமாம் என்றேன். பதிவுக் கட்டணம் 350. அதுவரை அவன் குரலில் தெம்பு இருந்தது. அடுத்தது ‘கூடுதல் பதிவுக் கட்டணம்’.

“பதிவுக் கட்டணம் 350 ஆச்சே. கூடுதல்னா ஒரு நூறு இருக்குமா?”

27,000. காரின் மதிப்பில் முதல் 20,000 வெள்ளிக்கு நூறு சதவீதம், அடுத்த 20,000த்துக்கு 140 சதவீதம், அதற்கும் மேலே போகப் போக 190, 250, 80,000த்தைத் தாண்டிய பகுதிக்கு 320 சதவீதம். அதாவது 25,000 வெள்ளிக் காரைப் பதிந்துகொள்ளக் கூடுதலாக மட்டும் 27,000 வெள்ளி. பெரிய காருக்குப் போனால் கூடுதல் என்ற சொல்லே கூச்சப்படும். அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னணியில் கேட்ட மாட்டு மணியும் நின்றுவிட்டது போல எனக்குத் தோன்றியது.

கடைசி வரியை நானே படித்தேன். 2025 அக்டோபரின் முதல் ஏலத்தில் சிறிய கார் பிரிவுக்கான சான்றிதழ் 1,28,105 வெள்ளி. அந்தப் பிரிவில் அதுவரை காணாத உச்சம். என் அதிர்ஷ்டம் எப்போதும் இப்படித்தான், சரித்திரத்தில் இடம்பிடித்துவிடும்.

“87 லட்சம்!” என்றான். “இதுக்கு என்ன அத்தான் தருவாங்க?”

“பத்து வருஷம் வண்டி வச்சிருக்க அனுமதி.”

“வண்டி?”

“அது முதல் வரியில் வந்துடுச்சு.”

மொத்தம் கூட்டினான். டீலரின் லாபம் சேராமலே 1,88,155 வெள்ளி. நம் காசில் ஒண்ணேகால் கோடி. சான்றிதழ்ப் பணத்தில் மட்டும் அவன் வாங்கிய மாதிரி பத்து டிராக்டருக்கு மேல் வாங்கித் திருவாரூர் மாவட்டத்தில் பாதியை உழலாமாம். அவன் அப்பா வாங்கிய பழைய டிராக்டர் இருபது வருடத்துக்கு மேலாக அதே கொட்டகையில் நிற்கிறது. அதை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கும் ஒரே ஆள் அதன் கீழே படுக்கும் நாய்தான்.

ஏலம் எப்படி நடக்கும் என்று கேட்டான். அங்கேதான் எனக்கு ஊர் மாட்டுச்சந்தை கைகொடுத்தது. சந்தையில் தரகர் துண்டைப் போர்த்துக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவாரே, அந்த முறைதான். மாதம் இரண்டு தடவை, திங்கள்கிழமை தொடங்கி புதன் மாலை நான்கு மணிக்கு முடியும். நீ அதிகபட்சம் எவ்வளவு தருவாய் என்பது உனக்கும் கணினிக்கும்தான் தெரியும். ஓடுகிற விலை மட்டும் எல்லார் கண்ணிலும் படும். எத்தனை சான்றிதழ் உண்டோ அத்தனை பேர் உள்ளே, மற்றவர் வெளியே. வெளியே போனவர்களில் அதிகம் கேட்டவர் எவரோ, அவருடைய விலைக்கு மேல் ஒரு வெள்ளி. ஜெயித்தவர் எல்லாருக்கும் அதே விலை. 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவு 1,50,001 வெள்ளிக்குப் போனது. யாரோ ஒருவர் முழுசாக ஒன்றரை லட்சம் கேட்டு, ஒரு வெள்ளியில் வெளியே நின்றிருக்கிறார். அன்று ராத்திரி அவர் வீட்டில் யாரும் அவரிடம் சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

மாட்டுச்சந்தையை நான் வலிந்து இழுக்கவில்லை. இந்த லிட்டில் இந்தியாவே மாட்டு வியாபாரத்தில் வளர்ந்த இடம்தான். தேக்கா சந்தையை ஒட்டினாற்போல் பஃபலோ ரோடு, கொஞ்சம் தள்ளி மலாயில் அதே எருமையைச் சொல்லும் கெர்பாவ் ரோடு, மேலே போனால் பெலிலியோஸ் என்ற மாட்டு வணிகரின் பெயரில் ஒரு தெரு. வண்டி மாடும் பால் மாடும் கைமாறிய அதே தெருக்களில் இன்று சனி, ஞாயிறு ஒரு கார் நிறுத்த இடம் தேடி ஏழு தடவை சுற்றுகிறோம். மாட்டை எங்கே கட்டினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நிச்சயம் அரை மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்திருக்காது.

இந்தச் சான்றிதழுக்கும் ஒரு காலம் இருந்தது. 2008 நவம்பரில், உலகமே பொருளாதார நெருக்கடியில் குப்புற விழுந்திருந்தபோது, இதே சிறிய கார் பிரிவில் ஒரு ஏலம் 2 வெள்ளிக்கு முடிந்தது. இரண்டாயிரம் இல்லை, இரண்டே வெள்ளி. தேக்காவில் ஒரு டீயும் ஒரு வடையும். அந்த வாரம் கார் வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். மனிதர் இன்றுவரை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இலை போடுவதற்குள் அதைச் சொல்லிவிடுவார். அந்தக் காரை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. கதைக்குத்தான் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை.

அரசாங்கத்தைக் கோபிக்கவும் வழியில்லை. சின்னத் தீவு. நிலத்தில் 12 சதவீதம் ஏற்கெனவே சாலை. 2018 பிப்ரவரியிலிருந்து கார் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதம் பூஜ்யம். பழைய கார் ஒன்று போனால்தான் புதிய கார் ஒன்று வரலாம் என்ற கணக்கு. எல்லாம் வெளிப்படை. விகிதம் இணையத்தில் இருக்கிறது, ஏல முடிவு அன்றைய செய்தியில் வருகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எனக்கு அதுதான் வருத்தமே. பரம்பரை பரம்பரையாக, ‘என்ன அநியாயம் இது, முக்கால் விலைக்குக் கொடு’ என்று கேட்டுப் பழகிய நாக்கு. தேக்கா சந்தையில் முருங்கைக்காய்க் கட்டுக்கு இருபது காசு குறைக்கச் சொல்லி என் மனைவி ஆடும் ஆட்டத்தைக் காண மற்றக் கடைக்காரர்களே தராசை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்தத் திறமையை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அட்டவணையிடம் எப்படிக் காட்டுவது? ‘கடைசி விலை சொல்லுங்க’ என்று கணினியிடம் கேட்க முடியுமா?

ஆகவே ஷோரூமுக்குப் போனபோது எங்களிடம் ஒரு கோடி ரூபாய் பெறுமான கோபம் செலவாகாமல் இருந்தது. எங்களைக் கவனிக்க வந்தது ஒரு தமிழ்த் தம்பி. அண்ணே, அக்கா என்று கூப்பிட்டான். நல்ல பிள்ளை. அவனுக்கு எங்கள் நிலைமை தெரியாது.

சான்றிதழ் பற்றி அவன் விளக்கியபோது என் மனைவி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ‘உத்தரவாதம்’ உள்ள விலை என்றால் எந்த ஏலத்தில் எவ்வளவு போனாலும் வித்தியாசம் அவர்கள் பாடு. உத்தரவாதம் இல்லாத விலை என்றால் சில ஏலங்களில் முயன்று பார்ப்பார்கள், கிடைக்காவிட்டால் மேலே போட்டுத் தர வேண்டும். சரி. கூடுதல் பதிவுக் கட்டணம், சரி. ஜிஎஸ்டி, சரி. ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் வெள்ளியும் ஒரு முணுமுணுப்பின்றிக் கடந்து போயின. பிறகு தம்பி, நாங்கள் முழு விலையையும் கையிலிருந்தே கட்டப்போவதாகச் சொன்னதும் முகம் வாடினான்.

“கடன் எங்ககிட்ட எடுத்தாதான் அண்ணே இந்த விலை. ரொக்கம்னா 2,000 கூட வரும்.”

இதை நிதானமாக மறுபடி சொல்லச் சொன்னேன். சரியாகத்தான் கேட்டிருக்கிறேன். கடன் வாங்குகிறவனுக்கு விலை குறைவு, கையில் காசு வைத்திருப்பவனுக்கு அபராதம். கடன் ஏற்பாடு செய்தால் நிதி நிறுவனம் டீலருக்குக் கமிஷன் தரும். அது போகிறதே என்ற துக்கத்துக்கு நாங்கள் மொய் எழுத வேண்டும். என் அப்பா காலத்தில் ‘ரொக்கமா தர்றேன், பாத்துப் போடுங்க’ என்பது ஒரு பிரம்மாஸ்திரம். இங்கே அது திரும்பி வந்து எய்தவனையே தைக்கிறது. காரின் மதிப்பு 20,000 வெள்ளியைத் தாண்டினால் விலையில் 60 சதவீதத்துக்கு மேல் கடன் தரக்கூடாது, ஏழு வருடத்துக்கு மேல் தவணை கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மக்கள் அளவுக்கு மீறிக் கடன்படக் கூடாதே என்ற அக்கறை. கடனே வேண்டாம் என்கிறவனை யார் காப்பாற்றுவது என்பதற்கு விதி எதுவும் என் கண்ணில் படவில்லை. கொஞ்சம் கடன் எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் என் மனைவியின் விரல் பட்டியலின் அடிக்குப் போய் நின்றது. பொடி எழுத்தில் ஒரு வரி: நிர்வாகக் கட்டணம், 400 வெள்ளி.

“இது என்னப்பா?”

“பேப்பர் வேலைக்கு அக்கா. எல்லாருக்கும் உள்ளதுதான்.”

“என்ன பேப்பர்?”

“பதிவு பண்ற பேப்பர்.”

“பதிவுக்கு 350 மேல போட்டிருக்கே. கூடுதல் பதிவுக்கு 27,000 போட்டிருக்கே. இன்னும் என்ன பதியணும்? எங்க ஜாதகமா?”

தம்பி சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. அந்தக் கணத்தில் அவள் கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். தேக்காவில் வியாபாரம் பார்ப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். கலால் தீர்வை மேல் வந்த கோபம், வரிக்கு வரி போட்ட கோபம், 140 சதவீதத்தின் கோபம், ஒரு வெள்ளியில் ஏலத்தில் தோற்ற முகம் தெரியாத மனிதருக்காகப் பட்ட கோபம் என எல்லாம் ஒன்றாகத் திரண்டு அந்த 400 வெள்ளியின் மேல் இறங்கியது. தம்பி மேலாளரிடம் போனான், வந்தான். கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் இலவசம் என்றான். அது விளம்பரத்திலேயே இருக்கிறது என்றாள். பின்பக்கக் கேமரா என்றான். அது காரோடு வருவது என்றாள். மறுபடி போனான். கால் மிதியடி, ஒரு குடை, சாவிக்கொத்து என்று ஒவ்வொன்றாக வந்து மேசையில் சேர்ந்தன. குடையை விரித்துப் பார்த்து மடக்கி வைத்துவிட்டு, “400?” என்றாள்.

மேலாளரே எழுந்து வந்தார். அவர் சீனர், இவள் பேசியது பாதி தமிழ், பாதி ஆங்கிலம், மிச்சம் கைப்பை. ஷோரூமில் விளக்கு அணைக்கத் தொடங்கிய நேரத்தில் அவர் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தார். குடை எங்களுக்கே.

வீட்டுக்கு வந்ததும் மன்னார்குடிக்கு ஃபோன். அங்கேயும் அன்றுதான் போர் முடிந்திருந்தது. டிராக்டருக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். ஹேண்ட்லிங் பூராவும் ரத்து. பம்பரும் டாப் லிங்கும் இலவசம். கேஜ் வீலுக்கு மட்டும் டீலர் கடைசிவரை மசியவில்லையாம்.

“உங்களுக்கு எவ்வளவு அத்தான் குறைச்சாங்க?”

“400 வெள்ளி.”

அந்தப் பக்கம் கணக்குப் போடும் சத்தம் கேட்டது.

“27,000 ரூபாய்! எனக்கு வெறும் பன்னிரண்டுதான் அத்தான். சிங்கப்பூர்ல போய் இவ்வளவு லாபம் பாத்துட்டீங்களே,” என்றான் மாப்பிள்ளை. “ஃபோனை அக்காகிட்ட குடுங்க. கேஜ் வீல் விஷயமா நாளைக்கு அந்த டீலர்கிட்ட பேசச் சொல்லணும்.”